புள்ளிக்கோட்டுப் பெட்டி

ப்யூர் டேட்டா என்ற மென்பொருளில் நிரலை எழுதுவதில்லை, வரைகிறார்கள். திறந்ததும் ஒரு வெள்ளைத்தாள் வரும். அதில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெயரை எழுதி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுத்தால் இசை வரும், அல்லது திரையில் படம் அசையும். பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் இசையமைப்பாளர் அப்படி வரைந்துவைத்த கோப்பை இன்று திறந்தால், பெரும்பாலான பெட்டிகளின் ஓரம் முழுக்கோடாக இருக்கும். ஒன்றிரண்டு பெட்டிகளைச் சுற்றி மட்டும் கோடு விட்டுவிட்டு ஓடும். 'இந்தப் பெயரில் ஏதோ ஒன்று இங்கே இருந்திருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை' என்று மென்பொருள் சொல்லும் விதம் அது. பெயர் இருக்கும். உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் அப்படியே இருக்கும். ஒலி மட்டும் வராது.

அந்தப் புள்ளிக்கோட்டின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். நான் இசைக்கலைஞன் அல்ல; பிழைப்புக்குக் கணினி ஆலோசனை செய்பவன். முதுநிலைப் படிப்புக்காக இந்தப் பக்கம் வந்தபோது எங்கள் துறைக்கு அடுத்த கட்டடத்தில் இசைத்துறை இருந்தது. அங்கே திரையெங்கும் கம்பிகளாகப் பின்னிக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட ஆர்வம் இது. எங்கள் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது வந்து, 'இனி நிரல் எழுதவே வேண்டாம், படம் வரைந்தால் போதும்' என்று விற்பார்கள். இசைக்காரர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் படம் வரைந்தே நிரல் செய்து வந்திருக்கிறார்கள். அந்த வாக்குறுதி எதுவரை செல்லும், எந்த இடத்தில் அறுந்துபோகும் என்பதற்கு அவர்களிடம் இருக்கும் அனுபவம் எங்களிடம் இல்லை.

முதலில் 'நூலகம்' என்ற சொல். கணினித்துறையில் அது உவமையாகப் பிறந்த சொல் அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு நிரல்கள் துளையிட்ட காகித நாடாவில் ஊட்டப்பட்டன. வர்க்கமூலம் காண ஒரு நாடா, எண்ணை அச்சிட ஒரு நாடா என்று அடிக்கடி தேவைப்படும் துணுக்குகளைத் தனித்தனியே துளையிட்டு, பெயரெழுதி, ஓர் அலமாரியின் இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951இல் வெளியிட்ட நூல் பெரும்பாலும் அந்த அலமாரியைப் பற்றியதுதான். ஒரு நிரலாளருக்கு அதில் ஏதாவது வேண்டுமென்றால் போய் எடுத்து, தன் நாடாவின் தொடர்ச்சியில் அதைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைத் திரும்ப வைத்துவிடுவார். இந்தப் படியெடுத்தலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நாடாவில் அவருக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. மறுநாள் அலமாரி எரிந்துபோயிருந்தாலும் அவருடைய நிரல் ஓடியிருக்கும்.

இனி பாரிஸ். பாம்பிடு மையத்துக்குப் பக்கத்தில், தரைக்குக் கீழே, 1977இல் இர்காம் என்ற இசை ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. பியர் பூலேஸ் அதன் நிறுவனர். ஜியூசெப்பே டி ஜியுஞ்ஞோ என்ற இத்தாலிய இயற்பியலாளர் அங்கே உருவாக்கிய 4எக்ஸ் என்ற இயந்திரம், ஒலியை அந்தக் கணத்திலேயே உருவாக்கவும் திரிக்கவும் வல்லது. அதற்கு முன் கணினி இசை என்றால், நிரலைக் கொடுத்துவிட்டு ஒலி தயாராகும்வரை காத்திருப்பதுதான். 1957இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் ஐபிஎம் 704 இயந்திரத்தில் தொடங்கிவைத்த மரபு அது. மேடையில் ஒருவர் குழல் வாசிக்க, கணினி அவரோடு சேர்ந்து வாசிப்பது என்பது வேறு வகை வேலை.

நம் ஊர்க் கச்சேரி கேட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாடகர் சற்று இழுத்தால் மிருதங்கக்காரர் இழுப்பார், முந்தினால் முந்துவார். அவர் முன்னால் கடிகாரம் இல்லை, பாடகர்தான் இருக்கிறார். கணினியை அப்படியொரு பக்கவாத்தியக்காரராக்கும் முயற்சியை 1984இல் இரண்டு பேர் தனித்தனியே முன்வைத்தார்கள். ஒருவர் ரோஜர் டானன்பெர்க். மற்றவர் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பாரி வெர்கோ. வெர்கோ இர்காமில் குழலிசைக் கலைஞர் லாரன்ஸ் போர்கார்டுடன் சேர்ந்து அதைச் செய்து பார்த்தார். போர்கார்ட் 1985இல் காலமானார். அந்த வேலையின் தொடர்ச்சியாக பிலிப் மனூரி எழுதிய 'ஜூபிடர்' என்ற குழலும் 4எக்ஸும் சேர்ந்த இசைப்படைப்பு 1987இல் மேடையேறியபோது, எந்த விரல்களை மனத்தில் வைத்துத் தொடங்கினார்களோ அந்த விரல்கள் இல்லை.

வெர்கோவின் கூடத்திலிருந்து இர்காமுக்கு வந்தவர் மில்லர் பக்கெட். கணிதம் படித்தவர். 4எக்ஸை ஆட்டுவிக்க அவர் எழுதிய கட்டுப்பாட்டு நிரலுக்கு மாத்யூஸின் நினைவாக மாக்ஸ் என்று பெயர் வைத்தார். முதலில் அதில் படம் எதுவும் இல்லை, எழுத்து மட்டும்தான். மனூரியின் அடுத்த படைப்பு 'புளூட்டோன்', பியானோவுக்கானது. அதற்கான வேலை 1987இல் தொடங்கியபோது மேசைமேல் ஒரு மேக்கின்டாஷ் வந்திருந்தது. பக்கெட் அதில் 'பாட்ச்சர்' என்ற வரைபடப் பரப்பைச் செய்தார். பழைய ஒலிக்கூடங்களில் கருவிகளை ஒயரால் இணைப்பதை 'பாட்ச்' செய்வது என்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. 1988 ஜூலையில் 'புளூட்டோன்' மேடையேறியது. அந்தப் படைப்பின் வரைபடம்தான் உலகின் முதல் மாக்ஸ் பாட்ச் என்று பக்கெட்டே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

பாட்ச்சரின் அழகு அதன் வெறுமையில் இருந்தது. புதிய கோப்பைத் திறந்தால் ஐந்துகோட்டு இசைத்தாள் இல்லை, தாளக்கட்டம் இல்லை, 'உங்கள் பாடலின் பெயர் என்ன' என்ற கேள்வியும் இல்லை. வெள்ளைத்தாள். எந்த இசைப் பாணியையும் பயனர்மேல் திணிக்கக்கூடாது என்று பக்கெட் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலை உண்டு. எதையும் முன்கூட்டி முடிவுசெய்யாத மென்பொருளில், எல்லாருக்கும் வேண்டிய எல்லாப் பெட்டிகளையும் முன்கூட்டிச் செய்து வைக்கவும் முடியாது. ஒருவருக்குக் குழலின் சுருதியைக் கண்டுபிடிக்கும் பெட்டி வேண்டும். இன்னொருவருக்கு நடனக்காரரின் காலில் கட்டிய உணரியைப் படிக்கும் பெட்டி. ஆகவே சுவரில் ஒரு கதவு வைத்தார்கள். அந்தக் கதவு வழியாக வரும் பெட்டிக்கு எக்ஸ்டெர்னல் என்று பெயர்.

கதவு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒருவர் சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதுகிறார். தன் பெட்டியின் பெயர் என்ன, அதற்கு எத்தனை உள்வாய், எத்தனை வெளிவாய், எந்த வாயில் என்ன செய்தி வந்தால் எந்தச் செயல் நடக்க வேண்டும் என்று அதில் அறிவிக்கிறார். அதை மொழிமாற்றி மூலம் இயந்திர மொழிக்கு மாற்றி, ஒரு தனிக் கோப்பாக வைக்கிறார். அவ்வளவுதான். இப்போது வெள்ளைத்தாளில் யாராவது ஒரு பெட்டி போட்டு அந்தப் பெயரை எழுதினால், மென்பொருள் முதலில் தன் சொந்தப் பட்டியலில் தேடும். இல்லையென்றால் குறிப்பிட்ட சில கோப்புறைகளில் அதே பெயரில் ஏதாவது கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதை நினைவகத்துக்குள் இழுத்துவந்து, அதற்குள் 'செட்டப்' என்று முடியும் ஒரு செயலை ஒருமுறை அழைக்கும். வந்த விருந்தாளி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் தருணம் அது. அதன்பின் அந்தப் பெட்டிக்கும் வீட்டுப்பிள்ளைகளுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. அதே எழுத்து, அதே ஓரம், அதே கம்பி. பல பெட்டிகளை ஒன்றாகக் கட்டி அனுப்பினால் அது நூலகம். பாட்ச்சின் ஒரு மூலையில் நூலகத்தின் பெயரை அறிவித்துவிட்டால் போதும், கோப்பு திறக்கும்போது மொத்தமாக வந்து இறங்கும்.

வேறுபாடு தெரியாது என்பதுதான் இதன் பெருமை. பின்னால் வந்த சிக்கலுக்கும் அதுவே காரணம். கேம்பிரிட்ஜ் அலமாரியில் துணுக்கைப் படியெடுத்தார்கள். இங்கே பாட்ச் கோப்பில் எழுதப்படுவது பெயர் மட்டும். பெட்டி எங்கே இருக்கிறது, யார் செய்தது, எந்த ஆண்டுப் பதிப்பு, மூலநிரல் யாரிடம் என்ற எதுவும் அதில் இல்லை. விருந்தாளியின் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டு முகவரியை விட்டுவிட்ட குறிப்பேடு.

1990களின் தொடக்கத்தில் இர்காமிடமிருந்து உரிமம் பெற்று, கலிபோர்னியாவின் ஓப்கோட் நிறுவனம் மாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை விற்பனைக்குரிய பொருளாக்கியவர் டேவிட் ஜிக்கரெல்லி. எக்ஸ்டெர்னல் எழுதுவது எப்படி என்று நிரலாளர்களுக்கான கையேட்டையும் அவரே எழுதினார். எனக்குக் கேட்டால் மாக்ஸின் ஆயுளைத் தீர்மானித்த ஆவணம் அந்தக் கையேடுதான். உலகெங்கும் இசைத்துறைகளில் ஒன்றிரண்டு பேர் சி தெரிந்தவர்களாக இருந்தார்கள். அவர்கள் பெட்டிகள் செய்தார்கள், தெரியாதவர்கள் வரைந்தார்கள். 1997இல் பெர்க்லியின் சி.என்.மேட் ஆய்வுக்கூடத்தில் மாட் ரைட்டும் ஏட்ரியன் ஃப்ரீடும் வகுத்த ஓப்பன் சவுண்ட் கன்ட்ரோல் என்ற தகவல் நெறிமுறை இன்று மேடைக் கருவிகளிலும் கைபேசிச் செயலிகளிலும் சாதாரணம். அது மாக்ஸுக்குள் வந்ததும் எக்ஸ்டெர்னல் வழியாகத்தான். பக்கெட்டும் தன் பங்குக்கு 'ஃபிடில்', 'பாங்க்' என்ற இரண்டு பெட்டிகள் செய்தார். முதலாவது ஒலியின் சுருதியைக் கண்டுபிடிக்கும். இரண்டாவது தட்டல்களைக் கண்டுபிடிக்கும். பறையோ மேசையோ, எதைத் தட்டினாலும் சரி. டெட் ஏப்பலும் ஜிக்கரெல்லியும் அவருடன் சேர்ந்து 1998இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். ஒரே மூலநிரல், இரண்டு போட்டி மென்பொருள்களிலும் பெட்டியாக நுழைந்தது. கதவு இருந்ததால்தான் அது முடிந்தது.

போட்டி மென்பொருள் என்றேன். பக்கெட் 1994இல் பாரிஸை விட்டு சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாக்ஸ் அப்போது இர்காமின் சொத்து, ஓப்கோட்டின் வணிகப்பொருள். 1996இல் அவர் முதலிலிருந்து எழுதி, மூலநிரலோடு எல்லாருக்கும் இலவசமாக விட்டதுதான் ப்யூர் டேட்டா. ஜிக்கரெல்லி 1997இல் சைக்ளிங் 74 என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மாக்ஸுக்கு நேரடியாக ஒலி செய்யும் திறனைச் சேர்த்தார். ஓப்கோட் படுத்தபின் மாக்ஸும் அவரிடமே வந்தது. ஒரே தந்தையின் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு வீட்டில் வளர்ந்த கதை.

கதவு வழியாக யார் யார் வரலாம் என்பதற்கு 1999இல் ஓர் உதாரணம் வந்தது. மாக்ஸ் அப்போது ஒலிக்கு மட்டும்தான். அதே கம்பிகளால் மேடையில் நேரலைக் காணொளியை ஆட்டுவிக்கும் 'நேட்டோ.0+55' என்ற எக்ஸ்டெர்னல் தொகுப்பை நெட்டோச்கா நெஸ்வானோவா என்ற பெயரில் யாரோ விற்கத் தொடங்கினார்கள். அது தஸ்தயேவ்ஸ்கி முடிக்காமல் விட்ட நாவலின் நாயகி பெயர். ஏறக்குறைய 'பெயரற்ற யாருமில்லாதவள்' என்று பொருள். பெண்ணா, ஆணா, ஒருவரா, ஒரு கூட்டமா என்பதே அந்நாளில் விவாதமாக இருந்தது. நிரல்குறிகளும் சொற்களும் பாதிப்பாதியாகக் கலந்த விசித்திர மொழியில் மடல்கள் வரும். தன்னை வெளிப்படையாகக் குறைசொன்ன பயனர்களின் உரிமத்தை அவர் ரத்து செய்ததாக அக்காலச் செய்திகள் பதிவு செய்துள்ளன. ஆனால் பெட்டிகள் அபாரமாக வேலை செய்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல காட்சிக்கலைஞர்கள் தங்கள் படைப்புகளை அவற்றின்மேல் கட்டினார்கள்.

இணையத்தின் ஆரம்பகால வேடிக்கைகளில் ஒன்றாகத்தான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. மேடையில் நிற்கும் கலைஞர், தன் வரைபடத்தின் நடுவில், யாரென்றே தெரியாத ஒருவரின் மனநிலையைப் பெட்டியாக வைத்திருந்தார். முகமும் முகவரியும் தெரிந்த நிறுவனத்தின் பெட்டியை வைத்திருப்பவரின் நிலை வேறு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். நேட்டோ பழைய மேக்கின்டாஷ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் ஆப்பிள் புதிய இயங்குதளத்துக்கு மாறியது. சைக்ளிங் 74 ஜிட்டர் என்ற சொந்தக் காணொளித் தொகுப்பைக் கொண்டுவந்தது. நேட்டோவை நம்பி வரைந்தவர்களுக்கு இரண்டு வழிதான்: முழுவதையும் திரும்ப வரைவது, அல்லது பழைய இயந்திரம் ஒன்றைப் போர்வை போர்த்திப் பாதுகாப்பது.

இயந்திரம் மாறும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். வரைபடத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அது 'இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பெட்டி, நடுவில் கம்பி' என்ற விவரம்தான். எந்தக் கணினியிலும் திறக்கும். எக்ஸ்டெர்னல் அப்படியல்ல. அது ஏற்கெனவே ஒரு குறிப்பிட்ட சில்லின் மொழிக்கு மாற்றப்பட்டுவிட்ட பொருள். ஆப்பிள் 1994இல் சில்லை மாற்றியது. 2001இல் இயங்குதளத்தை மாற்றியது. 2006இல் இன்டெல்லுக்குப் போனது. பிறகு 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு. 2020இல் தன் சொந்தச் சில்லுக்கு. இன்டெல் மாற்றத்தின்போது பழைய நிரல்களைப் பாவனை செய்து ஓட்டும் ஏற்பாடு ஒன்றை ஆப்பிள் கொடுத்தது. ஆனால் அது ஒரு நிரல் முழுவதற்கும் பொருந்துவது. புதிய மாக்ஸுக்குள் பழைய பெட்டி ஒன்றை மட்டும் பாவனையில் ஓட்ட முடியாது. எனவே ஒவ்வொரு மாற்றத்திலும் ஒவ்வோர் எக்ஸ்டெர்னலையும் யாராவது மூலநிரலிலிருந்து மறுபடி மொழிமாற்ற வேண்டியிருந்தது. எழுதிய மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வங்கி வேலைக்குப் போயிருப்பார். மூலநிரல் இருந்த மடிக்கணினியைத் தூக்கிப்போட்டிருப்பார். 2019 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: இறக்கிய எக்ஸ்டெர்னலில் முறையான கையொப்பம் இல்லையென்றால் மேக் அதை ஏற்ற மறுத்தது. அந்த எச்சரிக்கையைக் குறைசொல்ல முடியாது. உள்ளே வரும் பெட்டிக்கு, வீட்டுக்காரர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்யும் உரிமை உண்டு. கோப்புகளை அழிக்கும் உரிமை உட்பட.

எங்கள் தொழிலும் இதைப் பார்த்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 1991இல் விசுவல் பேசிக்கைக் கொண்டுவந்தபோது, பொத்தான்களை இழுத்துப் போட்டுச் செயலி செய்யலாம் என்பதைவிட, வெளியாட்கள் செய்த வி.பி.எக்ஸ். என்ற ஆயத்தக் கருவிகளை உள்ளே சேர்க்கலாம் என்பதுதான் அதை வெற்றிபெறச் செய்தது. அதைச் சுற்றி ஒரு சந்தையே எழுந்தது. 1995இல் 32 பிட் காலம் வந்ததும் வி.பி.எக்ஸ். போய், ஓ.சி.எக்ஸ். வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிறுவனத்தின் மொத்தக் கணக்கு மென்பொருளும் யாரோ விற்ற ஒரு கட்டத் தாளின்மேல், அதாவது எக்ஸெல் போலத் தோன்றும் ஒரு கருவியின்மேல், நின்றுகொண்டிருந்தது. விற்றவர்கள் கடையை மூடி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று பேர் எட்டு மாதம் உட்கார்ந்து அதே போல நடக்கும் இன்னொன்றைச் செய்தோம். அந்த நிறுவனத்துக்கு நஷ்டம் பணம்தான். இசைப்படைப்பில் அப்படி 'அதே போல' என்று ஒன்றைச் செய்துவைக்க முடியுமா?

பக்கெட் எதிர்கொண்ட கேள்வி அதுதான். 1990களின் இறுதிக்குள் 4எக்ஸ் இயந்திரங்கள் ஓய்ந்துவிட்டன. அதற்குப் பதிலாக இர்காம், நெக்ஸ்ட் கணினிக்குள் செருகும் பலகைகளாகச் செய்த இசைப் பணிநிலையமும் ஓய்ந்துகொண்டிருந்தது. 'ஜூபிடர்' ஒருமுறை 4எக்ஸிலிருந்து அந்தப் பலகைகளுக்குக் குடிபெயர்ந்திருந்தது. இனி எங்கே போவது? பத்துப் பன்னிரண்டு வயதுகூட ஆகாத படைப்புகள் வாசிக்க முடியாதவையாகும் நிலை. இருநூறு ஆண்டுப் பழைய பியானோப் படைப்பை இசைத்தாள் இருந்தால் வாசித்துவிடலாம். இவற்றின் 'தாள்' இறந்துபோன சில்லுகளின் மொழியில் இருந்தது. பி.டி. ரெபர்டரி என்ற பெயரில் பக்கெட் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ப்யூர் டேட்டாவில் மறுபடி வரையத் தொடங்கினார். 'புளூட்டோன்', 'ஜூபிடர்' இரண்டும் முதல் வரிசையில் இருந்தன. 2001இல் அதைப் பற்றி எழுதினார்.

இந்த வேலையின் தன்மையைக் கவனிக்க வேண்டும். பழைய பெட்டியின் உள்ளே என்ன நடந்தது என்பதைத் தேடிப் பிடித்து, அதை இன்னும் எளிய, அடிப்படையான பெட்டிகளாகப் பிரித்து, எல்லாரும் பார்க்கும்படி தாளில் விரித்து வைப்பது. ஒரு கறுப்புப் பெட்டி இருந்த இடத்தில், பெருக்கலும் கூட்டலும் தாமதமும் செய்யும் நாற்பது சாதாரணப் பெட்டிகள். பார்க்க அழகாக இருக்காது. மெதுவாகவும் ஓடலாம். ஆனால் எது எப்படி இசையாகிறது என்பது வரைபடத்திலேயே இருக்கும். ஒரு வகையில் இது கேம்பிரிட்ஜ் நாடாவுக்குத் திரும்பிப் போவதுதான்: பெயரை எழுதி வைக்காமல் பொருளையே படியெடுத்துக்கொள்வது. ப்யூர் டேட்டாவின் கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு என்பதும் இங்கே உதவியது. மென்பொருளே இல்லாவிட்டாலும் சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்து, எந்தப் பெட்டி எந்த இடத்தில், எதோடு இணைந்தது என்று படித்துவிடலாம்.

நம் வாசகர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய இதழ்க் கோப்பொன்றை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்திருப்பீர்கள். தமிழ் இருந்த இடத்தில் ரோமன் எழுத்துகளும் குறிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடக்கும். எழுத்துரு என்பதும் வெளியிலிருந்து வந்து சேர வேண்டிய ஒரு பெட்டிதான். ஆனால் பாமினிக் கோப்பு தன்னிடம் ஏதோ குறைகிறது என்று சொல்லாது. குப்பையைக் காட்டிவிட்டு அதுதான் உள்ளடக்கம் என்பதுபோல நிற்கும். ப்யூர் டேட்டாவின் புள்ளிக்கோட்டை நான் மதிப்பது இதனால்தான். தெரியாத பெட்டியை அது தூக்கி எறிவதில்லை. பொய்யாக எதையும் அதன் இடத்தில் வைப்பதும் இல்லை. பெயரையும் அதற்குக் கொடுத்த எண்களையும் வைத்துக்கொள்கிறது. கம்பிகள் அறுந்து விழாமலிருக்க ஒப்புக்கு வாய்களையும் செய்து கொடுக்கிறது. பத்து ஆண்டு கழித்து யாராவது அந்த எக்ஸ்டெர்னலை உயிர்ப்பித்தால், கோப்பைத் திறந்தவுடன் எல்லாம் பழைய இடத்தில் நிற்கும்.

எல்லாரும் இந்தக் கதவை வைத்தார்கள் என்பதில்லை. ஜெஃப் கோடோஸ்கி உருவாக்கி 1986இல் வெளிவந்த லேப்வியூ ஆய்வுக்கூடக் கருவிகளுக்கானது. அங்கேயும் கதவு உண்டு. பிள்ளைகள் பள்ளியில் பயன்படுத்தும் ஸ்கிராட்ச் நேர்மாறு. அதன் தளத்தில், நடத்துபவர்கள் தேர்ந்துவைத்த நீட்சிகள் மட்டும்தான் கிடைக்கும். யாரோ எழுதிய நூலகத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. குழந்தைகளின் இடத்தில் அந்தப் பூட்டு நியாயமானதென்றே நினைக்கிறேன், என் மகள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும். அவளும் நண்பர்களும் டர்போவார்ப் என்ற கிளைப் பதிப்புக்குப் போய்விட்டார்கள். அங்கே கதவு திறந்திருக்கிறது.

ப்யூர் டேட்டா உலகில் கதவைத் தாங்கிப் பிடித்தவர்கள் சம்பளமில்லாதவர்கள். 2000களில் ஹான்ஸ் கிறிஸ்டோஃப் ஸ்டெய்னர், சிதறிக் கிடந்த நூலகங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, மூன்று இயங்குதளங்களுக்கும் மொழிமாற்றி, பி.டி. எக்ஸ்டெண்டட் என்ற ஒரே பொதியாகக் கொடுத்துவந்தார். இறக்கினால் எல்லாம் உள்ளே இருக்கும். புள்ளிக்கோடு என்றால் என்ன என்றே தெரியாத ஒரு தலைமுறை பயனர்கள் அதில் வளர்ந்தார்கள். 2013 வாக்கில் அந்தப் பொதி நின்றுபோனது. ஒரே ஆள், நூற்றுக்கணக்கான பெட்டிகள், ஓயாமல் மாறும் இயங்குதளங்கள். நின்றதில் வியப்பில்லை, அத்தனை ஆண்டுகள் நடந்ததுதான் வியப்பு. அதன்பின் 2016இல் டெக்கன் என்ற ஏற்பாடு மென்பொருளுக்குள்ளேயே வந்தது. பெயரைத் தட்டித் தேடினால், உங்கள் கணினிக்குப் பொருந்தும் தொகுப்புகளை, ஏற்றியவர் பெயரோடும் தேதியோடும் காட்டும். பொருந்தாதவையும் இருந்தால் அவற்றை மங்கலாகக் காட்டும்.

பக்கெட்டின் 'ஃபிடில்' பெட்டியை அவரே பின்னாளில் 'சிக்மண்ட்' என்ற இன்னொரு பெட்டியால் மாற்றினார். சுருதி காண்பதில் அது மேலானது. இன்று ப்யூர் டேட்டாவை இறக்கினால், 'எக்ஸ்ட்ரா' என்ற கோப்புறையில் இரண்டும் இருக்கின்றன. 'ஃபிடில்' வழக்கொழிந்தது, புதிய வேலைக்கு 'சிக்மண்டை'ப் பயன்படுத்துங்கள் என்று உதவிக் குறிப்பு சொல்கிறது. ஆனாலும் ஒவ்வொரு புதிய பதிப்பிலும், ஒவ்வொரு புதிய சில்லுக்கும், அந்தப் பழைய பெட்டியும் மொழிமாற்றப்பட்டு உள்ளே வைக்கப்படுகிறது. எங்கோ யாரோ 1998இல் வரைந்த தாளொன்றில் அந்தப் பெயர் இருக்கலாம்.